ஒரு பொருள், ஒரு தாள்

தலைமை இயக்குநர் ஒருமுறை மேலிடத்துக் கூட்டத்தில் மாற்று வீடுகளைப் பற்றி அறிக்கை படித்துக்கொண்டிருந்தார். முதல் தாள் முடிந்தது. இரண்டாம் தாளை எடுத்தார். அது அலுவலகத்துக்குத் தேவையான நாற்காலிகளைப் பற்றியது. ஸ்டேப்ளர் பின் கழன்று இரண்டு கோப்புகள் கலந்துவிட்டிருந்தன. அவர் நிறுத்தவில்லை. சுழலும் வகை எத்தனை, சுழலாத வகை எத்தனை, கைவைத்தவை எத்தனை என்று கடைசி வரி வரை படித்தார். மேசையைச் சுற்றியிருந்த பதினோரு பேர் தலையாட்டினார்கள். பன்னிரண்டாமவர் மட்டும் கேட்டார்:

“இதுல ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாற்காலி?”

மறுநாள் ஆணை வந்தது. ஒரு பொருள், ஒரு தாள். எந்தப் பொருளானாலும் மேலே போகும் காகிதம் ஒன்றுதான் இருக்க வேண்டும். எல்லா மேசைகளிலிருந்தும் ஸ்டேப்ளர்களைச் சாக்கில் சேகரித்து, எண்ணி, பட்டியல் எழுதி, கீழ்த்தளத்து அறையில் வைத்துப் பூட்டினார்கள். அந்தப் பட்டியல் மூன்று தாள் வந்தது. ஆணை நடைமுறைக்கு வர இன்னும் ஒரு நாள் இருந்ததால் யாரும் தண்டிக்கப்படவில்லை.

ஆணையைக் கண்காணிக்க ‘ஒரு தாள் பிரிவு’ தொடங்கப்பட்டது. பதினான்கு பேர். ஒவ்வொருவரும் நாள்தோறும் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரே தாள். ஆண்டு முடிவில் காகிதச் சிக்கனத்துக்கான கேடயம் அந்த அலுவலகத்துக்குக் கிடைத்தது. கேடயம் வைக்கக் கண்ணாடி அலமாரி செய்தார்கள். அலமாரி வாசலை மறைத்ததால் மனு கொடுக்க வருபவர்கள் பக்கவாட்டில் திரும்பி நுழைந்தார்கள்.

ஆபரேட்டர் அந்த அலுவலகத்தில் கணினியில் பட்டியல் போடுபவன். பதினோரு மாத ஒப்பந்தம். எல்லோரும் அவனை ஆபரேட்டர் என்றே அழைத்தார்கள். வருகைப் பதிவேட்டிலும் அப்படியே இருந்தது.

கால்வாயை அகலப்படுத்துவதற்காகக் கரையிலிருந்த வீடுகளை இடித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அறுநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் தகரக் கொட்டகைகளில் இருந்தன. அவர்களுக்காகக் கட்டிய ஏழு மாடிக் கட்டடங்கள் இப்போது தயார். படிகள் தயார். லிஃப்டுக்கான குழி தயார். லிஃப்ட் இரண்டாம் கட்டத்தில் வரும். இரண்டாம் கட்டம் எப்போது என்பது முதல் கட்டம் முடிந்த பிறகு முடிவாகும்.

ஆபரேட்டரின் குடும்பமும் கொட்டகையில்தான் இருந்தது. அவன், அவன் அண்ணன், அண்ணி. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு துணிக்கடையின் நான்காவது மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்து கால் வைத்தார். லிஃப்ட் முதல் மாடியைத் தாண்டவில்லை. இடுப்புக்குக் கீழே இப்போது எதுவும் அவர் பேச்சைக் கேட்பதில்லை.

“குழி தயார்னு சொல்றாங்களே, போய்ப் பாத்தியாடா?” என்று கேட்டார் அண்ணன்.

“பாத்தேன்.”

“ஆழம் எப்படி?”

“ஏங்க, உங்களுக்கு வேற பேச்சே இல்லையா?” என்றாள் அண்ணி.

“அனுபவசாலி கேக்கறேன். சொல்லட்டுமே.”

பட்டியலில் அறுநூற்றுப் பன்னிரண்டு வரிகள், பத்தொன்பது பத்திகள். பெயர், வயது, பழைய வீட்டு எண் என்று தொடங்கும். நடுவில் ஏழு பத்திகள் அதிகாரிகளின் சுருக்கொப்பத்துக்கு. கடைசிப் பத்தியின் தலைப்பு ‘குறிப்பு’. அது பெரும்பாலும் காலியாக இருந்தது. நாற்பத்தொரு வரிகளில் மட்டும் ‘தரைத்தளம் வேண்டும்’ என்று இருந்தது. மருத்துவக் குழு ஒவ்வொருவரையும் நேரில் வரவழைத்து, நடக்கவும் படியேறவும் சொல்லி, முடியவில்லை என்று கண்டபின் எழுதியது அது. அண்ணனிடம் இரண்டு முறை நடக்கச் சொன்னார்கள். தரைத்தளத்தில் எழுபத்திரண்டு வீடுகள் இருந்தன. கேட்டவர்கள் நாற்பத்தொரு பேர். யாருக்கும் தட்டுப்பாடு இல்லை.

அலுவலகக் கண்காணிப்பாளர் ஆபரேட்டரின் மேசைக்கு வந்தார்.

“தம்பி, அந்தப் பட்டியல் மேலே போகணும். ஒரு தாள்ல எடுங்க.”

“அறுநூத்திப் பன்னண்டு வரி இருக்கு சார். நாப்பது தாள் வரும்.”

“எத்தனை வரும்னு நான் கேக்கலியே. எத்தனை வேணும்னு சொன்னேன்.”

“பெரிய தாள்ல எடுக்கட்டுமா சார்?”

“பெருசுன்னா மடிச்சாத்தான் உறைக்குள்ள போகும். மடிச்சா ரெண்டு.”

“மடிச்சாலும் தாள் ஒண்ணுதானே சார்?”

“எண்ணறவங்களுக்கு ஒண்ணு. பாக்கறவருக்கு ரெண்டு.”

“பின்பக்கமும் அடிச்சா?”

“திருப்பணும். அவர் திருப்ப மாட்டார். எதையுமே திருப்பிப் பாக்கற பழக்கம் அவருக்கு இல்ல.”

ஆபரேட்டர் கணினியில் ‘ஒரே பக்கத்தில் அடக்கு’ என்ற கட்டளையைக் கொடுத்தான். எழுத்துகள் நூற்றுக்கு ஐம்பது ஆயின. முப்பது ஆயின. பத்தில் நின்றுவிட்டன. மறுபடியும் கொடுத்தான். பத்துக்குக் கீழே கணினி இறங்கவில்லை. அதற்கும் ஓர் எல்லை வைத்துச் செய்திருந்தார்கள். எண்பத்து நான்கு குடும்பங்கள் இரண்டாம் தாளில் விழுந்தன.

கண்காணிப்பாளர் இரண்டாம் தாளை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார்.

“யாரு இவங்கள்லாம்?”

“அகர வரிசை சார். பேரு ‘வ’வுல ஆரம்பிக்கறவங்க. எங்கண்ணனும் அதுல இருக்காரு.”

“அப்ப இவங்க மேல தப்பு இல்ல,” என்றார் கண்காணிப்பாளர். “பேரு வச்சவங்க யோசிச்சிருக்கணும். எடுத்துருங்க.”

“எதை சார்?”

“ரெண்டாவது தாளை.”

ஆபரேட்டர் அன்று மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. பட்டியலைத் திரையிலேயே மூன்று துண்டாக வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினான். உயரம் குறைந்தது. அகலம் கூடியது. இப்போது கட்டளை கொடுத்ததும் அறுநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களும் ஒரே தாளுக்குள் வந்தன. நூற்றுக்குப் பதினான்கு என்று திரை காட்டியது. அச்சிட்டுப் பார்த்தான். வெள்ளைத் தாளில் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. கிட்டத்தில் பார்த்தால் புள்ளிகள் தெரிந்தன. இன்னும் கிட்டத்தில் பார்த்தால் மூக்கு பட்டது.

கண்காணிப்பாளர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்தியாக இருந்தது. ஏழு அதிகாரிகளும் தங்கள் தங்கள் பத்தியைத் தேடினார்கள். கண்டுபிடிக்க முடியாதவர்கள் உத்தேசமாக ஒப்பமிட்டார்கள்.

தலைமை இயக்குநர் தாளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“இதுதான் அந்த அறுநூறு குடும்பமா?”

“ஆமா சார்.”

“ஒரு கையில அடங்கிட்டாங்க பாத்தீங்களா? போன வருஷம் இவங்களை அடக்க எத்தனை போலீஸ் வேண்டியிருந்தது.”

கையெழுத்துப் போட்டார். பெரிய கையெழுத்து. அது ஐம்பத்து மூன்று குடும்பங்களின் மேல் விழுந்தது.

தாள் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒதுக்கீட்டு அலுவலகத்துக்குப் போனது. அங்கே தாளைப் பார்த்து மறுபடியும் கணினியில் ஏற்றிக் குலுக்கல் போட்டு வீடு ஒதுக்குவார்கள். ஆபரேட்டர் கண்காணிப்பாளரிடம் கேட்டான்.

“நம்ம கணினியில இருக்கறதை அப்படியே அனுப்பிடலாமே சார்? அவங்க மறுபடி அடிக்க வேண்டியதில்லையே.”

“கணினியில இருக்கறதுல கையெழுத்து எங்க இருக்கு?”

“இல்ல சார்.”

“அப்ப அது வெறும் விவரம். இதுதான் பட்டியல்.”

எட்டாம் நாள் தாள் திரும்பி வந்தது. ‘படிக்க இயலவில்லை’ என்று அதன் மூலையில் எழுதியிருந்தது. எழுதிய இடத்தில் ஒன்பது குடும்பங்கள் இருந்தன.

உடனே பூதக்கண்ணாடி ஒன்று வாங்க ஏற்பாடாயிற்று. மூன்று கடைகளில் விசாரித்து, குழு கூடி, நடுத்தரமான ஒன்றை வாங்கினார்கள். அதைக் காலையில் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கவும் மாலையில் வாங்கி வைக்கவும் ஒருவர் நியமிக்கப்பட்டார். தனக்கு உதவியாக இன்னொருவர் வேண்டும் என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கண்ணாடியைத் தாளோடு ஒதுக்கீட்டு அலுவலகத்துக்கு எடுத்துப்போனார்கள். அங்கிருந்த எழுத்தர் அரை மணி நேரம் பார்த்தார்.

“பெருசாத் தெரியுது,” என்றார். “மைதான் பெருசாத் தெரியுது. எழுத்தைக் காணோம்.”

திரும்பி வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஆபரேட்டர் வாயைக் கொடுத்தான்.

“சார், பத்திகளைக் கொஞ்சம் குறைச்சா எழுத்து பெருசாகும். அந்த ஏழு சுருக்கொப்பப் பத்தி இருக்கே, அதை எடுத்தாலே போதும். கண்ணாடியே வேண்டியதில்ல.”

கண்காணிப்பாளர் கோப்பையைக் கீழே வைத்தார். அவன் சொன்னதில் முதல் வாக்கியம் அவருக்குப் பிடித்திருந்தது. அதை மட்டும் எழுதிக்கொண்டார்.

பத்திக் குறைப்புக் கூட்டம் தலைமை இயக்குநர் அறையில் நடந்தது. ஏழு அதிகாரிகளும் வந்தார்கள். கண்காணிப்பாளரும், மடிக்கணினியோடு ஆபரேட்டரும் மூலையில் நின்றார்கள். அறையில் சுழலும் நாற்காலிகள் எட்டு இருந்தன. சுழலாத வகை இல்லை.

“மக்களுக்காகத்தான் இந்தக் கூட்டம்,” என்று தொடங்கினார் இயக்குநர். “ஒரு ஏழைக்கு வீடு போறதுக்கு ஒரு எழுத்து தடையா இருக்கக் கூடாது. தேவையில்லாததை எல்லாம் எடுத்துடுவோம். தயவுதாட்சண்யம் பாக்காதீங்க. முதல்ல, பழைய வீட்டு எண்.”

“வீடே இல்ல சார், இடிச்சாச்சு,” என்றார் முதல் அதிகாரி.

“எடுத்துடுங்க. வயசு?”

“அது வருஷா வருஷம் மாறிக்கிட்டே இருக்கு சார். நம்பகமில்ல.”

“எடுத்துடுங்க. குடும்பத்துல எத்தனை பேர்?”

“அதுவும் மாறும் சார். ரெண்டு வருஷத்துல சிலர் குறைஞ்சிருக்காங்க.”

“எடுத்துடுங்க. அப்புறம் இந்தச் சுருக்கொப்பம் ஏழு.”

ஏழு பேரும் மேசையைப் பார்த்தார்கள். இயக்குநரும் பார்த்தார்.

“இது இருக்கட்டும்,” என்றார். “சுருக்கொப்பம் இல்லாத பட்டியல் ஒரு பட்டியலா? நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தா, யார் யார் மேல தப்பு இல்லைன்னு நமக்கு எப்படித் தெரியும்?”

ஏழு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“இன்னும் கொஞ்சம் அகலம் குறையணும் சார்,” என்றார் கண்காணிப்பாளர்.

“கடைசியில ஏதோ இருக்கே. அது யாரோட பத்தி?”

யாரும் கை தூக்கவில்லை.

“குறிப்பு சார். யாரோடதும் இல்ல. பெரும்பாலும் காலி.”

“காலியா? வெறும் இடத்தை அச்சடிக்கவா இத்தனை பாடு?”

ஆபரேட்டர் தொண்டையைச் செருமினான்.

“நாப்பத்தொரு இடத்துல எழுதியிருக்கு சார். தரைத்தளம் வேணும்னு. நடக்க, படியேற முடியாதவங்க. லிஃப்ட் இன்னும் வரல. எங்கண்ணனும் அதுல ஒருத்தர்.”

இயக்குநர் நாற்காலியை அவன் பக்கம் சுழற்றினார். அவர் முகம் இளகியது.

“உங்க அண்ணனா? என்ன ஆச்சு?”

“லிஃப்ட் குழியில விழுந்துட்டார் சார். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல.”

“அடப் பாவமே. என்ன தொழில் பண்ணிட்டு இருந்தார்?”

“லிஃப்ட் மெக்கானிக் சார்.”

“அடடா.” உண்மையாகவே வருந்தினார். “இவங்களை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வர்றதில்ல. ஆனா ஒண்ணு. சொந்தக்காரர் பேர் இருக்கற பட்டியலைப் பத்தி நீங்க கருத்துச் சொல்லக் கூடாது. அது விதி. வெளியில தெரிஞ்சா உங்க வேலைக்கே ஆபத்து. அதனால இப்ப நீங்க சொன்னது எதையும் நான் கேக்கல. கேக்காதது உங்க நல்லதுக்குத்தான்.”

“சார், மத்த நாப்பது பேரும்…”

“அழிக்க வேண்டாம்,” என்று இயக்குநர் கண்காணிப்பாளரிடம் சொன்னார். “மறைச்சா போதும். ஊனமுற்றவங்க விஷயம். மனிதாபிமானத்தோட நடந்துக்கணும்.”

மனிதாபிமானத்தோடு மறைக்க ஒரே ஒரு சொடுக்கு போதுமாக இருந்தது. பத்தொன்பதாவது பத்தி இருந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு நின்றது. நூற்றுக்கு இருபத்தொன்பது என்று திரை காட்டியது. எழுத்துகள் எறும்பு அளவுக்கு வந்தன. கண்ணாடியில் படிக்க முடிந்தது. ஏழு சுருக்கொப்பங்களையும் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது.

அன்று வீட்டில் ஆபரேட்டர் தட்டைத் தள்ளி வைத்தான்.

“என் வாய்தான் காரணம் அண்ணி. பத்தியைக் குறைக்கலாம்னு நான்தான் சொன்னேன்.”

“நீங்க நல்லதுக்குத்தானே தம்பி சொன்னீங்க.”

“டேய்,” என்றார் அண்ணன், “குலுக்கல்லயே எனக்குத் தரைத்தளம் விழலாம் இல்ல? எட்டு தளத்துல ஒண்ணு. அன்னைக்கு அந்த லிஃப்ட் சரியா நிக்கறதுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இருந்தது. அது வேற விஷயம்.”

குலுக்கல் முடிவு வந்தது. மூன்றாம் கட்டடம், ஆறாவது மாடி, பதினோராம் எண். நாற்பத்தொரு பேரில் ஐந்து பேருக்குத் தரைத்தளம் விழுந்திருந்தது. அண்ணன் கேட்ட மாதிரியான ஒரு தரைத்தள வீடு உடற்பயிற்சிக் கூடம் நடத்துபவருக்குப் போயிருந்தது.

“ஆறாவது மாடின்னா காத்து நல்லா வரும்,” என்றார் அண்ணன்.

“காத்து வரும். நீங்க எப்படி வருவீங்க?” என்றாள் அண்ணி.

அன்று முழுவதும் அவர் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை.

ஆபரேட்டர் ஒதுக்கீட்டு அலுவலகத்துக்குப் போனான். மனுவோடு மருத்துவச் சான்றிதழைச் சேர்த்து நீட்டினான். எழுத்தர் எண்ணினார்.

“ரெண்டு தாள் இருக்கு.”

“ஒண்ணு மனு, ஒண்ணு சான்றிதழ் சார்.”

“ஒரு பொருள், ஒரு தாள். உங்க ஆபீஸ் ஆணைதான். எங்களுக்கும் நகல் வந்திருக்கு.”

திரும்பிப் போய்ச் சான்றிதழைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி மனுவின் மூலையில் அச்சிட்டுக் கொண்டுவந்தான். எழுத்தர் அதைப் பார்த்தார்.

“டாக்டர் கையெழுத்து படிக்கற மாதிரி இல்லையே.”

“கண்ணாடி வச்சுப் பாருங்க சார்.”

“கண்ணாடி பட்டியலுக்கு மட்டும்தான் ஒப்புதல். மனுவுக்கு இல்ல.”

“சார், எங்க கணினியில அந்தப் பத்தி இன்னும் இருக்கு. மறைச்சுத்தான் வச்சிருக்கோம். வாங்க, திறந்து காட்டறேன்.”

எழுத்தர் கெட்டவர் அல்ல. பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

“தம்பி, நீங்க திறந்தா அது உங்க கணினியில திறக்கும். கையெழுத்துப் போட்ட தாள்ல திறக்குமா?”

சாவி வழங்கும் விழா கட்டடத்தின் முன்னால் நடந்தது. பந்தல் தரைத்தளத்தில் போடப்பட்டிருந்தது. இயக்குநர் பேசினார்.

“இந்த அறுநூறு குடும்பத்துக்கு வீடு கொடுக்க நாங்க எத்தனை தாள் செலவழிச்சோம் தெரியுமா? ஒண்ணு. ஒரே ஒரு தாள். இதைக் கேட்டு வெளியூர் அதிகாரிகள் எல்லாம் பாக்க வர்றாங்க. எப்படி சார் முடிஞ்சதுன்னு கேக்கறாங்க. நான் சொல்றது இதுதான்: மனசு இருந்தா மனுஷனை எவ்வளவு சின்னதாவும் ஆக்கலாம்.”

கைத்தட்டல் எழுந்தது. அவர் சொல்ல வந்தது ‘பட்டியலை’ என்று கண்காணிப்பாளர் பிறகு பத்திரிகைக்காரர்களிடம் விளக்கினார்.

அண்ணனின் முறை வந்தது. சக்கர நாற்காலிக்கு முன் இயக்குநர் நன்றாகக் குனிந்து சாவியைக் கொடுத்தார். படம் எடுத்தார்கள்.

“ஆறாவது மாடி. கொடுத்து வச்சவர் நீங்க. மேலேருந்து பாத்தா கால்வாய் முழுசும் தெரியும்.”

“கீழேருந்தே தெரியுது சார்,” என்றார் அண்ணன்.

ஆபரேட்டரும் பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் மூவரும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நூற்று இருபது படிகள். மூன்று இடங்களில் இறக்கி வைத்தார்கள். பன்னிரண்டு நாட்கள் அவர் மேலே இருந்தார். பதின்மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒருவருக்குக் கை வழுக்கியது. நாற்காலி நான்கு படிகள் தனியாக இறங்கியது. அண்ணனுக்குத் தோளில் முறிவு.

“விழறதுக்கும் எனக்கும் ஏதோ ஒப்பந்தம் போல,” என்றார் மருத்துவமனையில். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அவர் மேலே போகவில்லை. கொட்டகைக்கே திரும்பினார்கள். கொட்டகையின் தகரங்களை ஒவ்வொரு வரிசையாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

முப்பது நாள் தொடர்ந்து பூட்டிக் கிடந்த வீடுகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. ஒதுக்கீட்டு அலுவலகம் எண்ணியது. முப்பத்தாறு வீடுகள். அந்தப் பட்டியலைப் போடும் வேலை ஆபரேட்டருக்கு வந்தது.

முப்பத்தாறு வரிகள். அச்சில் பார்த்தான். எதையும் சுருக்க வேண்டியிருக்கவில்லை. நூற்றுக்கு நூறு என்று திரை காட்டியது. கடைசி வரி தாளின் கடைசி விளிம்பில் சரியாக உட்கார்ந்தது. அகலத்தில் இடம் மீதி இருந்தது. கண்காணிப்பாளர் அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

“இடம் இருக்கே தம்பி. அந்தக் குறிப்புப் பத்தியைத் திறந்துடுங்க.”

ஆபரேட்டர் திறந்தான். ‘தரைத்தளம் வேண்டும்’ என்று முப்பத்தாறு வரிகளிலும் வந்தது. ஒன்றுகூட விடுபடவில்லை. கண்காணிப்பாளர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இது பழைய குறிப்பு. இப்ப வேற போடணும். ஏன் திரும்ப எடுக்கறோம்னு காரணம். ‘விருப்பமில்லை’ன்னு போடுங்க.”

“யாருக்கு விருப்பமில்ல சார்?”

“குடியேற விருப்பமில்லை. விதியில அந்த ஒரு வார்த்தைதான் இருக்கு. வேற வார்த்தை இல்ல.”

முதல் வரியில் தட்டினால் போதும். கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் அந்தச் சொல் எல்லா வரிகளிலும் தானாக நிரம்பும். ஆபரேட்டர் இழுத்தான். முப்பத்து நான்காவது வரி வரை இழுத்தான். முப்பத்தைந்தாவது வரி அண்ணன். அதைவிட்டு முப்பத்தாறாவதை நிரப்பினான். அண்ணனின் கட்டத்தில் தட்டினான்: ‘நடக்க முடியாது. லிஃப்ட் இல்லை. கேட்டது தரைத்தளம். கொடுத்தது ஆறாவது மாடி.’

கட்டம் நிரம்பி அந்த வரி இரண்டு வரியாக வீங்கியது. அச்சு இயந்திரம் ஒரு தாளைத் தள்ளியது. பிறகு இன்னொன்றைத் தள்ளியது.

கண்காணிப்பாளர் இரண்டாம் தாளைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது. சலவைத் தொழில் செய்யும் பெண். ஆஸ்துமா. கொட்டகையில் அவன் குடும்பத்துக்கு எதிர் வரிசை.

“நான் ஒண்ணும் சொல்லல,” என்றார் கண்காணிப்பாளர். “ரெண்டாவது தாள் மேலே போகாது. உங்களுக்கே தெரியும். அந்தம்மா பேர் எந்தப் பட்டியல்லயும் இருக்காது. இதுல பேர் இருந்தாத்தான் நாளைக்கு மறுபரிசீலனைன்னு மனுவாவது கொடுக்கலாம். இல்லன்னா அதுவும் இல்ல. உங்க அண்ணனுக்கு ஒரு வரி கூடுதலா வேணும்னா அந்தம்மாவோடதை எடுத்துக்கணும். பாத்துச் செய்யுங்க. உங்க ஒப்பந்தமும் இந்த மாசம் முடியுது.”

அவர் போன பிறகு ஆபரேட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுதியதை அழிக்கக் கை வரவில்லை. கட்டத்துக்கென்று தனியாக ஒரு கட்டளை உண்டு. ‘கட்டத்துக்குள் அடங்கச் சுருக்கு.’ அதைக் கொடுத்தான். வீங்கிய வரி ஒற்றை வரியாகப் படிந்தது. அந்தப் பெண் முதல் தாளுக்குத் திரும்பி வந்தாள். அண்ணனின் கட்டத்தில் இருந்த நான்கு வாக்கியங்களும் ஒரு மயிரிழையாக ஆயின.

“இது என்ன கோடு?” என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

“குறிப்பு சார்.”

“படிக்க முடியலையே.”

“தாள் ஒண்ணுதான் சார்.”

கண்காணிப்பாளர் எண்ணிப் பார்த்தார். ஒன்றுதான் இருந்தது. சுருக்கொப்பமிட்டார்.

தலைமை இயக்குநர் தாளை வாங்கி மகிழ்ந்தார். கண்ணாடி இல்லாமல் படித்தார். ஏழு அதிகாரிகளையும் அழைத்துக் காட்டினார்.

“பாருங்க, எதையும் சுருக்கல. எதையும் மறைக்கல. நூத்துக்கு நூறு. அந்தப் பழைய பட்டியலும் இந்த மாதிரி இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.”

பேனாவைத் திறந்தார். தாளின் அடியில் இடம் இல்லை. கடைசி மூன்று பெயர்களின் மேல்தான் போட வேண்டியிருந்தது. அதில் ஒரு வரியில் ஏதோ தெரிந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“முடி ஒட்டியிருக்கு,” என்றார்.

ஊதினார். போகவில்லை. விரலால் தட்டிப் பார்த்தார். போகவில்லை. அதன் மேலேயே கையெழுத்துப் போட்டார்.